ஐந்து லட்சத்தை வாங்கலாமா?

கேள்வி:

ஐயா, வணக்கம். கீழக்கரையிலிருந்து வாலிநோக்கம் வரைக்குமான கடலோர ஊர்களுக்கு நாங்கள் மூன்று பேர் சேர்ந்து இரண்டு வருடமாக ஒரு யூடியூப் செய்திச் சேனலும் வாட்ஸ்அப் செய்திச் சேவையும் நடத்துகிறோம். கூகுளிலிருந்து மாதம் சராசரியாக 5,000 ரூபாய் வருகிறது. உள்ளூர் விளம்பரத்தில் 12,000. பெட்ரோல் போக மிஞ்சுவது சொற்பம். வெளிநாட்டில் தொழில் செய்யும் எங்கள் ஊர்க்காரர் ஒருவர், "டிரஸ்ட்டாப் பதிவு பண்ணுங்க, வருஷம் 5 லட்சம் நான் தர்றேன். செய்திங்கிறது யாவாரம் இல்ல, சேவை" என்கிறார். எங்களில் ஒருவரோ, "யாரிடமும் கையேந்த வேண்டாம், கம்பெனியாகப் பதிந்து விளம்பரம் பிடிப்போம்" என்கிறார். எது சரி?

ஒரு வாசகி, ராமநாதபுரம் மாவட்டம்

பதில்:

தர்மமா தொழிலா என்று மூன்று பேரும் மல்லுக்கட்டுவதற்கு முன்னால், பணம் தருகிறேன் என்கிறவரிடம் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: அவர் கையில் இருப்பது எந்த நாட்டுப் பாஸ்போர்ட்? உங்கள் கரையிலிருந்து வளைகுடாவுக்குப் போனவர்களும் உண்டு. மலேசியா, சிங்கப்பூர் போய் அங்கேயே குடியுரிமை வாங்கிக்கொண்டவர்களும் உண்டு. ஊருக்கு இரண்டு பேரும் ஒன்றுதான், சட்டத்துக்கு ஒன்றல்ல. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் 2010, தன் 3-வது பிரிவில் செய்தித் தொழிலில் இருப்பவர்கள் வெளிநாட்டு நன்கொடை வாங்குவதைத் தடுக்கிறது. அச்சுப் பத்திரிகை மட்டுமல்ல, மின்னணு வழியில் ஒலி, ஒளிச் செய்தி தயாரிக்கும் அமைப்பும் அதன் ஆசிரியரும் உரிமையாளரும் இதில் அடக்கம். யூடியூப் சேனல் என்று சொல்லித் தப்ப முடியாது. டிரஸ்ட்டாகப் பதிந்தாலும் இந்தத் தடை அப்படியே நிற்கும்.

அவர் இந்தியக் குடிமகனாக இருந்து, சொந்தச் சேமிப்பிலிருந்து, வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அதே ஆள் அங்கே பதிவான தன் கம்பெனியின் கணக்கிலிருந்து அனுப்பினால் ஆகிவிடும். ஓ.சி.ஐ. அட்டை (வேறு நாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் அட்டை) வைத்திருப்பவர் வருடம் தவறாமல் ஊர்த் திருவிழாவுக்கு வந்து போகிறவராக இருந்தாலும் இந்தச் சட்டத்துக்கு வெளிநாட்டவர்தான். பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். "நம்ம ஊர் ஆளு" என்பதோடு விசாரணையை முடித்துக்கொள்கிறார்கள்.

இந்தியக் குடிமகன்தான் என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த முடிச்சு உங்கள் கணக்கிலேயே இருக்கிறது. டிரஸ்ட்டோ, கம்பெனிச் சட்டத்தின் 8-வது பிரிவில் வரும் லாப நோக்கற்ற கம்பெனியோ, எதுவானாலும் வரிவிலக்குக்கு வருமான வரித் துறையிடம் அறநோக்க அமைப்பாகப் பதிய வேண்டும் (1961-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இதற்கு 12ஏபி பதிவு என்று பெயர்). செய்தி நடத்துவது ஏழைகளுக்கு உதவி, கல்வி, மருத்துவம் போன்ற தலைப்புகளில் அடங்காது. "பொதுப் பயன்பாட்டுக்கான பிற நோக்கம்" என்ற கடைசித் தலைப்பில்தான் போய் உட்காரும். அந்தத் தலைப்புக்கு ஒரு வரம்பு உண்டு. தொழில் சார்ந்த வரவு, மொத்த வரவில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அந்த வருடத்துக்கு விலக்கு போய்விடும். உங்கள் விளம்பரம் வருடத்துக்கு 1,44,000. கூகுள் 60,000. இரண்டும் சேர்ந்து 2,04,000. அவர் தரும் 5 லட்சத்தையும் சேர்த்தால் மொத்த வரவு 7,04,000. அதில் 2,04,000 என்பது கிட்டத்தட்ட 29 சதவீதம். முதல் வருடமே வரம்பு உடைகிறது. 20-க்குள் நிற்க வேண்டுமானால் 5 லட்சம் நன்கொடைக்கு எதிரே 1,25,000-க்கு மேல் சம்பாதிக்கக் கூடாது. அதாவது, நன்கொடை வாங்கிய குற்றத்துக்காக இருக்கிற விளம்பரத்தையும் திருப்பி அனுப்ப வேண்டிவரும்.

நன்கொடை தருபவருக்குக் கிடைக்கும் வரிக் கழிவை (80ஜி என்று பழகிய பெயர்) காட்டி நன்கொடையாளர்களைச் சேர்க்கலாம் என்று யாராவது சொன்னால் அதையும் பெரிதாக நம்ப வேண்டாம். புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு அந்தக் கழிவு கிடையாது. இந்தியாவில் வரி கட்டும் அளவுக்கு வருமானமே இல்லாத வெளிநாட்டு வாழ் இந்தியருக்கு அது வெறும் காகிதம்.

பதிவு கிடைத்தாலும் அது நிலைக்கும் என்று சொல்ல முடியாது. தி ரிப்போர்ட்டர்ஸ் கலெக்டிவ் என்ற புலனாய்வுச் செய்தி அமைப்பு 2025 ஜனவரியில் ஓர் அறிக்கை வெளியிட்டது. தங்கள் இதழியல் பொது நோக்கத்துக்குப் பயன்படவில்லை என்று சொல்லி, லாப நோக்கற்ற அமைப்பு என்ற தகுதியை வருமான வரித் துறை ரத்து செய்துவிட்டதாக அதில் சொன்னார்கள். கன்னடத்தில் இயங்கும் தி ஃபைல் தளத்துக்கும் அதே கதி. இவர்கள் பெயர் தெரிந்த அமைப்புகள். மூன்று பேர் நடத்தும் கடலோரச் சேனலுக்கு இப்படி ஒரு நோட்டீஸ் வந்தால், பதில் எழுதும் ஆடிட்டர் கூலியிலேயே ஆறு மாதப் பெட்ரோல் போய்விடும்.

ஆனாலும் என் முக்கியத் தயக்கம் வரி பற்றியதல்ல. 7,04,000-ல் 5 லட்சம் என்றால் நூற்றுக்கு 71. ஒரே ஆளிடமிருந்து. அவர் தங்கமானவராகவே இருக்கட்டும். அவருடைய மைத்துனர் உள்ளாட்சித் தேர்தலில் நிற்கும் வருடம் ஒன்று வரும். அவர் போன் பண்ணி எதையும் நிறுத்தச் சொல்ல மாட்டார். அதற்கு அவசியமும் இருக்காது, நீங்களே அந்தச் செய்தியின் தலைப்பை இரண்டு முறை மாற்றி, மூன்றாம் முறை "நாளைக்குப் போட்டுக்கலாம்" என்று தள்ளி வைப்பீர்கள்.

புரவலர் மரபு நம் பக்கத்துக்குப் புதிதில்லை. பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் 1901-ல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். அதன் 'செந்தமிழ்' இதழ் ஆராய்ச்சிக்கும் பழைய நூல் பதிப்புக்கும் செய்த தொண்டு பெரிது. ஆனால் ஜமீனில் வரி எப்படி வசூலாகிறது என்று எழுதுவதற்காக அந்த இதழ் பிறக்கவில்லை. உங்கள் வேலை அந்த இரண்டாவது ரகம்.

தர்மப் பணத்தால் ஓடக்கூடிய வேலை இல்லாமலும் இல்லை. பாரி எனப்படும் கிராமப்புற இந்தியாவின் மக்கள் காப்பகம் என்ற இணையதளம், பத்திரிகையாளர் சாய்நாத் 2014-ல் தொடங்கியது, ஓர் அறக்கட்டளையின் கீழ்தான் நடக்கிறது. பாம்பன் பக்கம் கடல்பாசி எடுக்கும் பெண்களைப் பற்றி அதில் வந்த படங்களையும் கட்டுரைகளையும் எந்த விளம்பரதாரரும் காசு கொடுத்துச் செய்யச் சொல்லியிருக்க மாட்டார். அது நின்று நிதானித்துச் செய்யும் ஆவண வேலை. காலை 6 மணிக்குக் காற்று எச்சரிக்கை சொல்லும் வேலை அல்ல. இன்னொன்று உங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. பாம்பனில் 2016 முதல் ஒலிக்கும் கடல் ஓசை 90.4 சமுதாய வானொலி. சமுதாய வானொலி உரிமம் லாப நோக்கற்ற அமைப்புகளுக்குத்தான். வானிலை, உள்ளூர் அறிவிப்பு, பாட்டு, பேட்டி எல்லாம் தரலாம். சொந்தமாகச் செய்தி ஒலிபரப்ப மட்டும் விதி இடம் தராது, அகில இந்திய வானொலியின் செய்தியைத்தான் எடுத்துப் போடலாம். கரைக்குப் பயனுள்ள அமைப்புதான், ஆனால் உங்கள் வேலைக்கு அது மாற்றாகாது.

என் கட்சி இது: தொடங்கிய தேதியும் முடியும் தேதியும் உள்ள வேலைக்கு மட்டும் தர்மப் பணத்தைத் தொடுங்கள். ஒரு கேமரா, ஒரு பயிற்சி, ஒரு நீண்ட விசாரணை. மாதச் சம்பளத்தை அதில் கட்டாதீர்கள்.

இனி, கம்பெனியாகப் பதிந்து விளம்பரம் பிடிப்போம் என்கிற உங்கள் நண்பருக்கு வருகிறேன். அவர் பாதிதான் சரி. இப்படி வைத்துக்கொள்ளுங்கள். இறால் பண்ணைக்காரர் ஒருவர் மாதம் 4,000 ரூபாய் விளம்பரம் தருகிறார். உங்கள் 12,000-ல் அது மூன்றில் ஒரு பங்கு. ஒருநாள் பண்ணைக்குப் பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு பெண், அடிபம்புத் தண்ணீரை லிட்டர் பாட்டிலில் பிடித்துக்கொண்டு வந்து உங்கள் மேசை மேல் வைக்கிறார். வாயில் வைக்க முடியாத உப்பு. நீங்கள் அந்தப் பாட்டிலைப் பார்க்கும்போதே 4,000 ரூபாய் நினைவுக்கு வருமா வராதா? ஐந்து லட்சக்காரரிடம் இருந்த அதே கயிறுதான், கொஞ்சம் மெல்லியது. நகைக்கடை, தனியார் பள்ளி, ஆஸ்பத்திரி, அரசியல்வாதியின் பிறந்தநாள் வாழ்த்து, எல்லாம் இந்த வகைதான்.

அதனால் 4,000 ரூபாய் விளம்பரதாரர் மூவரை விட்டுவிட்டு, 500 ரூபாய் விளம்பரதாரர் 40 பேரைத் தேடுங்கள். வலைக் கடை, அவுட்போர்டு எஞ்சின் மெக்கானிக், கருவாட்டு மொத்த வியாபாரி, தையல் கடை, டியூஷன் சென்டர், சுமை ஆட்டோ. காணொளித் தொடக்கத்தில் 10 நொடி அட்டை ஒன்று, வாட்ஸ்அப் செய்தியின் அடியில் இரண்டு வரி. அலைச்சல் அதிகம்தான். ஒரு மெக்கானிக் கோபித்துக்கொண்டு போனால் 20,000-ல் 500 குறையும், அவ்வளவே.

விளம்பரத்தில் ஒரு கண்டிப்பு வேண்டும். ஒருவரைப் பற்றிய புகார் உங்கள் கையில் இருக்கும்போது அவரிடம் விளம்பரம் பற்றிப் பேச்சே எடுக்காதீர்கள். செய்தி வந்து 30 நாள் கழியும்வரை அவரே கூப்பிட்டாலும் வேண்டாம். "காசு கேட்டார்கள், தரவில்லை, அதனால் போட்டார்கள்" என்று அவர் புகார் எழுதினால் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 308-வது பிரிவு, மிரட்டிப் பணம் பறித்தல். சின்னச் சேனல்கள் அவதூறில் மட்டுமல்ல, இதிலும் மாட்டிக்கொள்ளலாம்.

கூகுள் பணத்தை வளரும் வருமானமாக நினைக்காதீர்கள். நீளக் காணொளி விளம்பர வருவாயில் படைப்பாளிக்கு 55 சதவீதம் தருகிறார்கள் என்றாலும், உங்கள் பார்வையாளர்கள் நாலைந்து ஊர்க்காரர்கள். அந்தக் கூட்டம் ஓர் அளவுக்கு மேல் பெருகாது. பெருக்கப் பார்த்தால் சினிமாக் கிசுகிசு போட வேண்டிவரும். 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் வங்கிக்கு வரும் என்பதால் உங்கள் 5,000 மாதாமாதம் வராது, இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் வந்திருக்கும். சம்பளத் தேதியை அதை நம்பி வைக்க முடியாது.

மிச்சமிருப்பது வாசகர்கள். தென்மாவட்டக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, மகமை என்றால் போதும். மூட்டைக்கு இத்தனை காசு என்று பிடித்து, யாருக்கும் பாரமில்லாமல் பள்ளிக்கூடமே கட்டியவர்கள் நம்மிடையே உண்டு. அதில் கொடுத்தவர் யாரும் புரவலர் ஆகவில்லை. தொழிலாகப் பதியுங்கள், மகமைபோல வசூலியுங்கள்.

இப்போது கணக்கைப் போடுவோம். மூவருக்கும் தலா 15,000 வீதம் 45,000. பெட்ரோல் 6,000. செல்போன், இணையம் 2,500. கணக்காளர் 2,000. வக்கீல் செலவுக்கு ஒதுக்கு 3,000. கேமரா, மைக், லேப்டாப் தேய்மானம் 3,000. மாதம் 61,500, வருடம் 7,38,000. வக்கீல் ஒதுக்கை யாரும் போடுவதில்லை. முதல் நோட்டீஸ் வந்த அன்று சம்பளத்தில் கை வைக்கிறார்கள்.

சந்தா மாதம் 50 ரூபாய், ஆனால் வருடத்துக்கு 10 மாதம் மட்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் சந்தா கேட்காதீர்கள். விசைப்படகுக்குத்தான் தடை என்றாலும் ஐஸ், ஏலம், லாரி, சுமை என்று கரையே மந்தமாகிவிடும். அந்த நேரத்தில் தானாகக் கழியும் சந்தா வங்கியில் பணமில்லாமல் திரும்பும், அதோடு அந்த வீடு உங்களை விட்டுப்போகும். ஆக, ஒரு வீட்டுக்கு வருடம் 500. 800 வீடு சேர்ந்தால் 4,00,000. பத்தில் ஒரு பங்கு வராமல் போகும் என்று முன்கூட்டியே கழித்தால் 3,60,000. சின்ன விளம்பரம் 40 பேர் வழியாக 2,40,000. கூகுள் 60,000. மொத்தம் 6,60,000. துண்டு விழுவது 78,000.

இந்த இடத்தில் உங்கள் ஊர்க்காரரைக் கூப்பிடுங்கள். "5 லட்சம் வேண்டாம். 156 வீட்டுக்கு எங்கள் சந்தாவை நீங்கள் வாங்கிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். 156 முறை 500, சரியாக 78,000. உங்கள் செலவில் அது நூற்றுக்கு 11-க்கும் குறைவு. அவர் கோபித்தாலும் சேனல் நிற்காது. அவர் வேறு நாட்டுக் குடிமகனாக இருந்தால் இந்த மொத்தச் சந்தாவையும் வாங்காதீர்கள்; தன் ஒரு வீட்டுக்கு, எல்லோரும் கட்டும் அதே 500-ஐ ரசீதோடு கட்டட்டும். வழக்கமான தொழிலில் கொடுத்த சேவைக்கு வாங்கும் கட்டணம் வெளிநாட்டு நன்கொடையாகாது. ஆனால் 78,000-ஐச் சந்தா என்று எழுதினால் பெயர் மாற்றிய நன்கொடை என்று பார்க்க இடமுண்டு.

முதல் வருடமே 800 வீடு வராது, 300 என்று போடுங்கள். கழிவு போக 1,35,000, விளம்பரம் பாதியாக 1,20,000, கூகுள் 60,000, ஆக 3,15,000. அதில் ஒருவருக்குத்தான் முழுச் சம்பளம் முடியும். 15,000 சம்பளம், 3,000 பெட்ரோல், 2,500 இணையம், 2,000 கணக்காளர், 3,000 வக்கீல், 500 தேய்மானம்: மாதம் 26,000, வருடம் 3,12,000. மற்ற இருவரும் வேறு வேலையை விடாமல் இருக்க வேண்டும். யார் அந்த ஒருவர் என்பதை இப்போதே பேசி எழுதிவையுங்கள். சேனல்கள் உடைவது பெரும்பாலும் இந்தப் பேச்சைத் தள்ளிப்போட்டதால்தான்.

எதற்காக 50 ரூபாய் தருவார்கள்? புயல் எச்சரிக்கைக்காக அல்ல. அதைப் பூட்டி வைக்கவும் கூடாது, எல்லோருக்கும் இலவசமாகப் போக வேண்டும். தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய் தெருவில் யாருக்கு வரவில்லை, எந்த ஆவணத்தில் பிசகு, எங்கே போய்ச் சரிசெய்வது. நேற்று கணவாயும் நண்டும் கீழக்கரையில் என்ன விலை, ஏர்வாடியில் என்ன விலை. ஊராட்சிக் கூட்டத்தில் நிறைவேறிய தீர்மானம் என்ன. இப்படிப்பட்ட செய்திதான் 50 ரூபாயை வீட்டுக்கே திருப்பித் தரும்.

வசூலுக்கு யூ.பி.ஐ. ஆட்டோபே வசதி. பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பு வாடிக்கையாளருக்கு அறிவிப்பு போக வேண்டும் என்பது விதி; அந்த அறிவிப்பைப் பார்த்துப் பயந்து ரத்து செய்பவர்கள் உண்டு, அதனால் முந்தின நாள் நீங்களே ஒரு குரல் செய்தி அனுப்பிவிடுங்கள். வங்கிக் கணக்கை மாற்றினால் ஒப்புதலைப் புதிதாக வாங்க வேண்டிவரலாம். ஸ்மார்ட்போன் இல்லாத வீட்டுக்கு எண் போட்ட ரசீதுப் புத்தகம், கார்பன் நகலோடு. ஒருவருடைய சொந்த ஜிபே எண்ணில் மட்டும் எதையும் வாங்காதீர்கள்.

அமைப்பு என்று பார்த்தால் எல்.எல்.பி., அதாவது வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கூட்டாண்மை, போதும். இருவர் இருந்தாலே பதியலாம், நீங்கள் மூவர். விற்றுவரவு 40 லட்சம் அல்லது முதலீடு 25 லட்சம் தாண்டாதவரை எல்.எல்.பி. சட்டப்படி கட்டாயத் தணிக்கை இல்லை. ஆனால் வருடக் கணக்குகளை, லாபம் இல்லாத வருடத்திலும், மே 30-க்குள் ஒரு படிவம், அக்டோபர் 30-க்குள் ஒரு படிவம் என்று போட்டே ஆக வேண்டும். சேவைத் தொழிலுக்கு ஜி.எஸ்.டி. வரம்பு 20 லட்சம், அதற்கு நீங்கள் வெகு தூரத்தில் இருக்கிறீர்கள். இணையத்தில் மட்டும் இயங்குவதற்குப் பத்திரிகைப் பதிவு தேவையில்லை. அச்சில் மாத இதழ் கொண்டுவந்தால்தான் 2023-ஆம் ஆண்டுச் சட்டப்படி முன்கூட்டிப் பதிய வேண்டும். 2021-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்கு உங்கள் விவரங்களைக் கொடுத்து, குறைதீர் அலுவலர் ஒருவரையும் அறிவித்துவிடுங்கள். மூவரில் ஒருவரே அந்தப் பொறுப்பை வைத்துக்கொள்ளலாம். (வண்டியில் 'பிரஸ்' என்று ஒட்டுவதற்கு இவை எதுவும் உரிமை தராது.)

கூட்டாளி ஒப்பந்தத்தில் மூன்று விஷயங்கள் எழுத்தில் இருக்கட்டும். எந்த ஒரு தனி ஆளிடமிருந்தும் வருட வரவில் 15 சதவீதத்துக்கு மேல் வாங்குவதில்லை. ஆறு மாதச் செலவு, உங்கள் முழுக் கணக்கில் 3,69,000, கையிருப்பாகச் சேரும்வரை யாரும் லாபம் பிரிப்பதில்லை. திருவிழா முடிந்ததும் வரவு செலவு நோட்டீஸ் அடித்து ஒட்டுகிற மாதிரி, வருடத்துக்கு ஒருமுறை கணக்கை வெளியிடுவது. 5,000 ரூபாய்க்கு மேல் தந்தவர் பெயரும் அதில் வரும்.

ரசீதுப் புத்தகம் அச்சுக்குப் போகும்போது 'நன்கொடை' என்ற சொல் எங்கும் வராமல் பாருங்கள். பதிலுக்கு எதுவும் தராமல் வாங்கும் பணம் வருடத்தில் 50,000-ஐத் தாண்டினால் முழுவதும் வரிக்கு உட்பட்ட வருமானம். எல்.எல்.பி.க்கு 30 சதவீதமும் அதன் மேல் 4 சதவீத செஸ்ஸும். தொழிலில் நஷ்டமில்லாத வருடத்தில் அந்த 5 லட்சத்தில் 1,56,000 வரிக்கே போய்விடும். 'சந்தா', எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை, ரசீது எண், இவ்வளவும் இருக்கட்டும். மாதிரியைக் கணக்காளரிடம் காட்டிவிட்டு அச்சுக்குக் கொடுங்கள்.